கதவின் அளவு அவருக்குத் தெரிந்திருந்தது

வேலையிடக் கேள்வி பதில்: பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, அதில் பாதிக்கு மேல் திட்டப் பொறுப்பாளராக இருந்து, ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

போன வருடம்தான் திட்டப் பொறுப்பாளர் ஆனேன். என் குழுவில் எட்டுப் பேர். திங்கட்கிழமைக் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் "90 சதவீதம் முடிந்துவிட்டது, அக்கா" என்கிறார்கள். கடைசி வாரத்தில்தான் பாதிகூட முடியவில்லை என்று தெரிகிறது. என்னிடம் ஏன் மறைக்கிறார்கள்?
– வாசகி, பிறை

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு கதவு ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. அப்போது நான் இருந்த தொழிற்சாலையில், ஓர் உற்பத்தி வரிசையை அப்படியே கழற்றிப் புதுக் கட்டடத்தில் கொண்டுபோய் வைக்கும் வேலை என் தலையில். சர்க்யூட் பலகையில் ஈயத்தை உருக்கி ஒட்டும் சூளை ஒன்று அந்த வரிசையில் இருந்தது. ஆறு மீட்டர் நீளம். நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் நான்கு மணி வாக்கில் லாரி வந்து நின்றது. ஃபோர்க்லிஃப்ட் சூளையைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனது. அங்கேயே நின்றுவிட்டது. கதவு 160 சென்டிமீட்டர், சூளை 171. சுவரை இடிக்க வேண்டும். இடிக்கும் குத்தகைக்காரரின் ஆட்களோ அன்று மதியமே பாலிக் கம்போங், அதாவது பெருநாளுக்குச் சொந்த ஊருக்கு, கிளம்பிவிட்டார்கள். ஒன்பது நாள் அந்தச் சூளை தார்ப்பாய்க்கு அடியில் வெளியே கிடந்தது. ராத்திரி மழை பெய்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

பெருநாள் முடிந்து கேன்டீனில் ஒரு டெக்னீஷியனோடு கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் குவளையைப் பார்த்தபடியே சொன்னார்: "அக்கா, எனக்கு மூணு வாரம் முன்னாலேயே தெரியும். டேப் வெச்சு அளந்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு முந்தைய கூட்டத்தில், கேபிள் வர ஒரு வாரம் தாமதமாகும் என்று சொன்ன ஒருவரை நான் எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். இவர் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். "அதைப் பார்த்துட்டு நான் எப்படிக்கா வாயைத் திறப்பேன்?" என்றார்.

ஆகவே, உங்கள் ஆட்களைக் குறை சொல்வதற்கு முன், கடைசியாக ஒருவர் கெட்ட செய்தி கொண்டுவந்தபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கத்தியிருக்கவே வேண்டாம். ஒரு பெருமூச்சு போதும், அடுத்தவர் அடக்கிவிடுவார். இனி தாமதம் என்று முதலில் சொல்பவருக்கு, அந்தக் கூட்டத்திலேயே, எல்லார் காதிலும் விழும்படி நன்றி சொல்லுங்கள். பிறகு "சரி, என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். முதல் மாதம் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு நம்பிக்கை திரும்பி வர ஆறு மாதம் ஆனது.

சதவீதத்தை அடியோடு விட்டுவிடுங்கள். 90 சதவீதம் என்பதை யாராலும் அளக்க முடியாது. "என்ன மிச்சம்? யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் உங்கள் வேலை இருக்கிறது. வேலைகளை இரண்டு மூன்று நாளில் முடியும் துண்டுகளாக உடைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒன்று, முடியாவிட்டால் பூஜ்யம். பாதி முடிந்ததற்கு மதிப்பெண் கிடையாது. எட்டுப் பேர் குழுவுக்கு இதைவிடப் பெரிய கணக்கு தேவையில்லை.

இன்னொன்று. கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றுங்கள். திங்களன்று எல்லாருக்கும் வாரம் முழுக்க மிச்சமிருப்பதுபோலத் தோன்றும், எதையும் ஒப்புக்கொள்வார்கள். புதனன்று கேட்டால் உண்மை தெரிந்திருக்கும், சரிசெய்ய இரண்டு நாளும் கையில் இருக்கும்.

எங்கள் மென்பொருள் திட்டம் ஏற்கெனவே ஏழு வாரம் தாமதம். ஆறு பேர் குழு. மேலதிகாரி இன்னும் நான்கு பேரைத் தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொன்னால் திமிர் என்பார். வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், பங்சார், கோலாலம்பூர்

வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் யாருக்கு என்ன வேலை என்று எழுதிவைத்துவிட்டு வாங்குங்கள்.

ஆறு பேர் ஒருவரோடு ஒருவர் பேசி ஒத்துப்போக வேண்டிய இணைப்புகள் 15. பத்துப் பேர் ஆனால் 45. ஆள் இரண்டு மடங்கு ஆகவில்லை, பேச்சு மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. அது போக, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது யார்? உங்களிடம் வேகமாக வேலை செய்கிற அந்த இரண்டு பேர்தான். அவர்கள் கை நின்றால் தாமதம் ஏழு வாரத்திலிருந்து ஒன்பது வாரம் ஆகும்.

உங்கள் ஊர் இரட்டைக் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 88 மாடி, 452 மீட்டர். ஒரு கோபுரத்தை ஜப்பானின் ஹசாமா நிறுவனம் தலைமையேற்ற குழு கட்டியது, மற்றதைக் கொரியாவின் சாம்சுங் தலைமையேற்ற குழு கட்டியது. அவ்வளவு பெரிய வேலையை இரண்டாகப் பிரிக்க முடிந்ததற்குக் காரணம், பிரிக்கும் கோடு அத்தனை தெளிவாக இருந்தது. இரண்டும் சேரும் இடம் 41, 42ஆம் மாடிகளில் இருக்கும் பாலம். அந்தப் பாலத்தைக்கூடக் கோபுரங்களோடு இறுகப் பூட்டவில்லை. காற்றில் கோபுரங்கள் அசையும்போது அது வழுக்கி நகர இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். அப்படி இடம் விட்டுவைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு குழு முடித்து அடுத்த குழுவிடம் கொடுக்கும் இடத்தில் இரண்டு நாள் சும்மா விட்டுவையுங்கள்.

உங்கள் திட்டத்தில் அப்படித் தனியாகப் பிரித்துக் கொடுக்கக்கூடியது என்ன? சோதித்துப் பார்ப்பது, பயனர் கையேடு, பழைய தரவுகளைச் சுத்தம் செய்வது. நான்கு பேரையும் அங்கே போடுங்கள். நடுவில் இருக்கும் நிரலில் கைவைக்க விடாதீர்கள். அப்புறம் மேலதிகாரியிடம் ஆளோடு இன்னொன்றும் கேளுங்கள்: முதல் வெளியீட்டில் எந்த மூன்று வசதிகளைத் தள்ளிப்போடலாம்? ஏழு வாரத்தை மீட்பதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான வழி அதுதான்.

திட்ட அட்டவணைக்கு எந்த மென்பொருள் நல்லது? எக்செல் போதுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

உங்கள் அளவுக்கு எக்செல் தாராளம். வண்ணப் பட்டைகளை அழகாக வரைவதில் ஒரு நாள் முழுக்கக் கரைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த நேரத்தில் சப்ளையருக்கு நான்கு போன் போட்டிருக்கலாம். எது ஒரு நாள் பிசகினால் முடிவு நாளே ஒரு நாள் தள்ளிப்போகுமோ அந்த வேலைச் சங்கிலி எது என்று மட்டும் கண்டுபிடித்துச் சிவப்பில் போடுங்கள். 1957இல் அமெரிக்காவில் டுபாண்ட் நிறுவனம் தன் ரசாயன ஆலை வேலைகளுக்காக உருவாக்கிய முறை அது. இன்றைய திட்ட மென்பொருள்கள் பலவற்றுக்கும் அடியில் அதே கணக்குதான் ஓடுகிறது.

நம் நாட்டு நாட்காட்டியை மறக்காதீர்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகியவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அனுமதிக் கடிதம் வாங்கும் வேலையை வெள்ளிக்கிழமை மதியத்தில் வைக்காதீர்கள், தொழுகைக்காக 12.15 முதல் 2.45 வரை அரசு அலுவலகங்களில் இடைவேளை. அட்டவணை இதையெல்லாம் தானாகச் சொல்லாது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர் குழுவுக்கு இந்த முறை நான் தலைவர். சம்பளம் இல்லாத வேலை, யாரையும் அதட்ட முடியாது. வாட்ஸ்அப்பில் 60 பேர் கைதட்டுகிறார்கள், வேலைக்கு வருவது 12 பேர். போன வருடம் ராத்திரி பத்து மணிக்கே மோர் தீர்ந்துபோய் ஊர் சிரித்தது. எப்படி நடத்துவது?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

தம்பி, தொழிற்சாலை வேலையைவிட உங்கள் வேலை கடினம். சம்பளம் வாங்குகிறவர் மறுநாள் வந்துதான் ஆக வேண்டும். உங்கள் ஆட்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் "யார் யார் உதவ முடியும்?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்குக் கைதட்டல்தான் பதிலாக வரும். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிடுங்கள். "தம்பி, தைப்பூசத்தன்று சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை மோர் அண்டா உன் பொறுப்பு. உன்னோடு இன்னார் இருப்பார். பத்து மணிக்கு இன்னார் வந்து கரண்டியை வாங்கிக்கொள்வார்." பெயர், நேரம், பொருள் மூன்றும் இருந்தால் வருவார்கள். எப்போது விடுவார்கள் என்று தெரியாத வேலைக்குத்தான் ஆள் வருவதில்லை. நான்கு மணி நேரம் என்று முடிவு தெரிந்தால், பால்குடம் எடுக்கும் அம்மாவோடு மலையடிவாரம் வரை நடந்துவிட்டும் வருவார்கள்.

இன்னொரு காரியம், ஒரு மாதம் முன்பே செய்யுங்கள். அந்த 12 பேரையும் ஒரு சாயங்காலம் உட்காரவைத்து, பசியாற ஏதாவது வாங்கிக்கொடுத்துவிட்டு, இப்படிச் சொல்லுங்கள்: "தைப்பூசம் முடிந்துவிட்டது. நம் பந்தல் படுதோல்வி. ஏன் தோற்றோம் என்று ஆளுக்கு மூன்று காரணம் எழுதுங்கள்." கேரி கிளைன் என்ற உளவியல் ஆய்வாளர் 2007இல் எழுதிப் பரவலான முறை இது. எங்கள் தொழிற்சாலையில் செய்திருக்கிறேன், எங்கள் கோவில் அன்னதானத்துக்கும் செய்திருக்கிறேன். "ஏதாவது பிரச்சினை வருமா?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் மரியாதைக்காக "ஒன்றும் வராதுண்ணா" என்பார்கள். தோற்றுவிட்டது என்று நீங்களே சொல்லிவிட்டால், தலைவரைக் குறை சொன்னோமே என்ற பயம் போய்விடும்.

அன்னதானத்துக்கு நாங்கள் கேட்டபோது, எப்போதும் பின்வரிசையில் நிற்கும் ஒரு பையன் எழுதிய சீட்டில் ஒரே வரி: "கேஸ் சிலிண்டர் கடை அன்று திறந்திருக்காது." எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. முந்தின நாளே இரண்டு சிலிண்டர் கூடுதலாக வாங்கி வைத்தோம். மதியம் ஒன்றரைக்கு முதல் சிலிண்டர் தீர்ந்தது. அந்தப் பையனையே போய் அடுத்ததை மாட்டச் சொன்னேன். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உங்களுக்கும் அந்தச் சீட்டுகளில் வரும்: ரதம் வரும் நேரம் சாலை அடைத்துவிட்டால் ஐஸ் லாரி எப்படி உள்ளே வரும்? மாநகராட்சி அனுமதி யார் பையில் இருக்கிறது? குப்பைப் பைகளை எங்கே அடுக்குவது? மோர் பாதி அண்டா ஆனதும் யார் யாருக்குச் சொல்ல வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு வழி சொல்கிறேன். அண்டாவின் உள்பக்கத்தில் பாதியில் மஞ்சளால் ஒரு கோடு போடுங்கள். கோடு வெளியே தெரிந்ததும் அடுத்த அண்டாவுக்குத் தயிர் கடையத் தொடங்க வேண்டும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. பத்து மணிக்கு மோர் தீர்ந்தது என்றால் ஒன்பது மணிக்கே யாரோ ஒருவருக்கு அது தெரிந்திருக்கும். அவர் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றிருப்பார்.

பந்தலைப் பிரித்த மறுநாள், கைதட்டிய 48 பேரைக் கடிந்துகொள்ளாதீர்கள். வந்த 12 பேரின் வீட்டுக்கும் போன் போட்டு, அவர்கள் அம்மாவிடம் பிள்ளையைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

பிஎம்பி (திட்ட மேலாண்மை வல்லுநர்) சான்றிதழ் எடுத்தால் பதவி உயர்வு கிடைக்குமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கதவைத் திறக்கும். மொழியும் ஒன்றாகும், சிங்கப்பூர்க்காரரோடும் ஜெர்மன்காரரோடும் ஒரே சொற்களில் பேசலாம். பணம் உங்கள் நிறுவனம் கட்டினால் உடனே எடுங்கள். சொந்தப் பணம் என்றால், முதலில் ஒரு சின்னத் திட்டத்தையாவது தொடக்கத்திலிருந்து முடிவு வரை நடத்திவிட்டு எடுங்கள். படிப்பது அப்போதுதான் ஒட்டும்.

வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதியில் முடியாது என்று எனக்கு இப்போதே தெரிகிறது. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எப்படியாவது ஈடுகட்டிவிடலாம் என்று மனசு சொல்கிறது. மேலாளரிடம் இப்போதே சொல்வதா, வியாழக்கிழமை மாதாந்திரக் கூட்டம் வரை பொறுப்பதா?
– வாசகர், பாயான் பாரு, பினாங்கு

தம்பி, முதல் கடிதம் எழுதிய தங்கையின் குழுவில் உட்கார்ந்திருக்கிற ஒருவர்போல இருக்கிறீர்கள். டேப்பை வைத்து அளந்துவிட்டீர்கள். கதவு சின்னது என்று தெரிந்துவிட்டது.

ஈடுகட்டிவிடலாம் என்று எல்லார் மனசும் சொல்லும். தங்கள் வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்பதை மனிதர்கள் குறைத்தே போடுகிறார்கள், முன்பு தாமதமானது நினைவிருந்தாலும் இந்த முறை அப்படி ஆகாது என்றே நினைக்கிறார்கள். கானமன், டுவெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இலேயே இதற்குத் "திட்டமிடல் மயக்கம்" (planning fallacy) என்று ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். உங்கள் போன மூன்று திட்டங்களை எடுத்துப் பாருங்கள். கடைசி ஐந்து வாரத்தில் எத்தனை நாளை உண்மையாகவே மீட்டீர்கள்? அந்த எண்ணிக்கையை நம்புங்கள்.

ஐந்து வாரம் இருக்கும்போது சொன்னால் மேலாளர் வாடிக்கையாளரோடு பேசலாம், பாதியை முதலில் அனுப்பலாம், ஓவர்டைமுக்குப் பணம் கேட்கலாம். ஒரு வாரம் இருக்கும்போது சொன்னால் அவரால் கோபப்பட மட்டும்தான் முடியும். ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: இப்போது தெரிகிற முடிவு தேதி, ஏன் என்று இரண்டு வரி, செய்யக்கூடிய இரண்டு வழிகள், அதில் உங்கள் விருப்பம் எது. மன்னிப்பு நீளமாக வேண்டாம்.

கூட்டத்தில் மற்ற இலாகாக்காரர்கள் முன்னால் அவர் முதல் தடவையாக இதைக் கேட்கும்படி வைக்காதீர்கள். வியாழன்வரை பொறுக்க வேண்டாம். நாளைக் காலை அவர் பசியாறிவிட்டு வந்து உட்காரட்டும். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள்.