ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 26. ஊர்க் கபடி அணியில் ஆடுகிறேன். ஆறு வாரங்களுக்கு முன் ரெய்டு போய்த் திரும்பும்போது வலது முழங்கால் முறுக்கிக்கொண்டது. உள்ளே ‘டப்’ என்று சத்தம் கேட்டது, இரவுக்குள் வீங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஏ.சி.எல். என்ற முழங்கால் ஜவ்வு முழுதாகக் கிழிந்திருப்பதாக வந்திருக்கிறது. எலும்பு மருத்துவர் ஆபரேஷன் என்கிறார். என் சித்தப்பாவுக்கு ஜவ்வு கிழிந்து, கட்டுப் போட்டே குணமானது. நானும் பொறுத்துப் பார்க்கலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: சித்தப்பாவுக்குக் குணமானதை நம்புகிறேன். ஆனால் அவருக்குக் கிழிந்தது அநேகமாக வேறு ஜவ்வு. முழங்காலின் உட்புற ஓரமாக ஓடும் பக்க ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் நன்றாக உண்டு. அதில் கிழிசல் விழுந்தால், பிரேஸ் போட்டுச் சில வாரங்கள் கவனமாக இருந்தாலே பெரும்பாலும் ஒட்டிவிடும். உங்களுடையது மூட்டின் நட்டநடுவில் இருப்பது. கிழிந்த முனைகளுக்கு நடுவே ரத்தம் உறைந்து தங்குவதற்கு மூட்டுத் திரவம் விடுவதில்லை. அதனால் இது தானாக ஒட்டவே ஒட்டாது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தோம். அது முழு உண்மையல்ல. பயிற்சி மட்டுமே செய்தவர்களில் சிலருக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் ஜவ்வு சேர்ந்திருப்பது தெரிந்திருக்கிறது. யாருக்குச் சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

ஸ்கேனை விட முக்கியம் உங்கள் கால் என்ன சொல்கிறது என்பது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, சட்டென்று திரும்பும்போது, முழங்கால் நழுவுகிறதா? ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. சுறுசுறுப்பான இளைஞர்கள் 121 பேரில் ஒரு பகுதியினருக்கு உடனே அறுவை சிகிச்சை. மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை. இரண்டு ஆண்டுகள் கழித்து வலியிலும் செயல்பாட்டிலும் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் அறுவைக்கு வந்தார்கள். மீதிப் பாதிக்குத் தேவைப்படவில்லை. அதே சமயம், காயம் பழையதாகி முழங்கால் நழுவிக்கொண்டே இருந்தவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு (2022) அறுவைக்கே சாதகமாக முடிந்தது.

ஆகவே மூன்று மாதம் பயிற்சி செய்யுங்கள். முதல் வேலை, காலை முழுதாக நீட்ட வைப்பது. அடுத்தது தொடைத்தசை. தையல்காரர் நாடாவை எடுத்து, முட்டிச்சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடைகளையும் அளந்து பாருங்கள். அடிபட்ட தொடை மெலிந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஜவ்வு விட்ட வேலையை இந்தத் தசைகள்தான் தாங்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்யுங்கள். கடைசியில் ஆபரேஷன் என்றே முடிவானாலும் இந்த உழைப்பு வீணாகாது. வீங்கி விறைத்த முழங்காலில் அறுவை செய்தால் விறைப்பு கூடும். வாரக்கணக்கில் இறுக்கிக் கட்டி வைப்பதும் உருவிவிடுவதும் வேண்டாம். மூட்டு இறுகுவதும் தொடை இன்னும் மெலிவதும்தான் மிச்சம்.

இனி கபடி. நடை, வேலை, வண்டி ஓட்டுவது மட்டும் போதும் என்றால் அறுவை இல்லாமலே சமாளிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. களத்தில் இறங்கியே தீருவேன் என்றால் நான் அறுவைப் பக்கமே சாய்வேன். ஓடி நின்று திரும்பும் ஆட்டத்தில் ஏ.சி.எல். இல்லாத முழங்கால் நழுவினால், ஒவ்வொரு முறையும் உள்ளே எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு (மெனிஸ்கஸ்) நசுங்கும். அது போனால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம். அறுவை செய்தாலும் தேய்மானம் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கிழிந்ததைத் தைப்பதும் பெரும்பாலும் இல்லை; உங்கள் தொடையின் பின்புறத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்துவார்கள். குறைந்தது ஒன்பது மாதம் ஆகாமல் ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது. பொறுமையில்லாமல் முன்பே இறங்கிப் புது ஜவ்வையும் கிழித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் மெனிஸ்கஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். முழங்கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் போனால் கிழிந்த மெனிஸ்கஸ் இடையில் சிக்கியிருக்கலாம். அப்போது மூன்று மாதக் கணக்கெல்லாம் செல்லாது. அந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.