ஓட்டு வீட்டுச் சமையலறைக்குத் துபாய் ரேஞ்ச் சரிப்படுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் எங்கள் பழைய ஓட்டு வீடு. சமையலறையை இடிக்காமல் அந்தக் கால அழகிலேயே சீர் செய்கிறோம்: காவித் தரை, மரச் சட்டம் போட்ட அலமாரி, மூலையில் ஆட்டுக்கல், எல்லாம் அப்படியே. துபாயிலிருந்து ஊருக்கே திரும்பும் நாத்தனார் தன்னுடைய 90 செ.மீ. அகலமுள்ள, ஓவன் வைத்த, ஐந்து பர்னர் கேஸ் ரேஞ்சைத் தருகிறேன் என்கிறார். க்ரீம் நிறம், பித்தளைத் திருகுகள், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. கணவர் கோயமுத்தூரில் புதிதாக 60 செ.மீ. ரேஞ்ச் வாங்கலாம் என்கிறார். மாமியாரோ மேடையில் மூணு பர்னர் அடுப்பு போதும், மற்றதெல்லாம் வெட்டிச் செலவு என்கிறார். மகள் வாரம் ஐந்தாறு கேக் செய்து விற்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முக்கால்வாசி மாமியார் சொல்வதை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

முதலில் நாத்தனாரிடம் ஒரு போட்டோ கேளுங்கள். ரேஞ்சின் போட்டோ வேண்டாம், அதுதான் ஏற்கெனவே உங்களை மயக்கியிருக்கிறது. அதன் முதுகிலோ ஓவன் கதவைத் திறந்தால் தெரிகிற ஓரத்திலோ ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் சிலிண்டர் கேஸைக் குறிக்கும் ஜி30 என்றும் பக்கத்தில் 28-30 மில்லிபார் என்றும் இருந்தால் நம் சிலிண்டருக்கு ஓரளவு பொருந்தும், ஏனென்றால் நம் வீட்டு ரெகுலேட்டர் விடும் அழுத்தமும் ஏறக்குறைய 30 மில்லிபார்தான். ஜி20, 20 மில்லிபார் என்று இருந்தால் அது குழாய் எரிவாயுவுக்கான ஜெட், அதாவது பர்னருக்குள் கேஸ் பீச்சும் சின்ன மூக்கு. துளை பெரியது, சிலிண்டரில் மாட்டினால் தீ மஞ்சளாக எழும்பிப் பாத்திரமெல்லாம் கரி பிடிக்கும். ஜெட்டை மாற்றலாம்தான், ஆனால் அந்த மாடலுக்கான ஜெட் செட் கிடைக்க வேண்டுமே. கரண்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அங்கேயும் இங்கேயும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டேஜ், பிளக்கை மாற்றினால் போதும்.

ஆனால் அசல் சிக்கல் வேறு. அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்காது. அந்த முத்திரை உள்ள அடுப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் பாதுகாப்பு விதி, அதனால் கேஸ் ஏஜென்சி மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு இணைப்புக் கொடுக்க மறுத்தால் அவர்மேல் குறை சொல்ல முடியாது. அப்புறம் உதிரிபாகம். ரேஞ்சில் முதலில் போவது பெரிய சாமான்கள் அல்ல, திருகும் வால்வும் சூடு உணரும் கம்பியும்தான். எனக்கே ஒரு அனுபவம் உண்டு. பல வருஷத்துக்கு முன் ஆசைப்பட்டு மேடைக்குள் பதிக்கும் அடுப்பான ஹாப் ஒன்றை, வெளிநாட்டுச் சரக்கு, வாங்கிக் கிரானைட்டை அறுத்துப் பதித்தேன். கீழே அலமாரியை இறுக்கமாக மூடியதால் பர்னருக்குக் காற்று போகாமல் தீ சோம்பியது, அது என் முட்டாள்தனம், நாலு துளை போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் ஒரே ஒரு வால்வு கெட்டபோது கம்பெனியிலிருந்து 'பார்ட் வரும், பார்ட் வரும்' என்று ஒன்பது மாதம் சொன்னார்கள். வரவே இல்லை. அந்த அளவுக்கு அறுத்த ஓட்டையில் வேறு எந்த ஹாப்பும் உட்காரவில்லை, கடைசியில் கல்லையே மாற்றினேன்.

கணவர் சொல்லும் 60 செ.மீ. ரேஞ்சுக்கு வருவோம். கடைக்குப் போகும்போது ஒரு கட்டைப்பையில் உங்கள் இட்லிப் பானையையும் பெரிய வாணலியையும் பால் காய்ச்சும் சின்னக் கிண்டியையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். 60 செ.மீ. அகலத்தில் நாலு பர்னர் என்றால் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஒரு சாண், மிஞ்சினால் சாணும் சில விரலும். 30 செ.மீ. அகல இட்லிப் பானையை ஒன்றில் ஏற்றினால் பக்கத்தில் வாணலிக்கு இடமில்லை. நாலு பர்னருக்குக் காசு கொடுத்து இரண்டில் சமைப்பீர்கள். கிண்டி கம்பிகளுக்கு நடுவே சாய்கிறதா என்பதையும் அங்கேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

உயரம் இன்னொன்று. நிற்கும் ரேஞ்ச் எல்லாம் தரையிலிருந்து 85 செ.மீ.க்குக் குறையாது, அதை ஏற்ற முடியுமே தவிர இறக்க முடியாது. அதற்கு மேல் ஆழமான பாத்திரம் ஏறினால் அஞ்சடி உயரமுள்ள ஒருவர் கிளறும்போது முழங்கை தோள் மட்டத்துக்கு வரும். உங்கள் மாமியார் எவ்வளவு உயரம் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவர் ஏன் மேடையையே பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிகிறது. மேடை நம் கையில் இருக்கிறது: அடுப்பு உட்காரும் மூணடிப் பகுதியை மட்டும் 28 அங்குல உயரத்தில் தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள், அடுப்பின் உயரமும் சேர்ந்தால் கைக்குச் சரியாக இருக்கும். கடப்பா கல் போட்டால் நீங்கள் ஆசைப்படும் பழைய அழகும் வந்துவிடும், க்ரீம் ரேஞ்ச் தராத அழகு அது.

அடுத்தது காற்று. உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது, ஆடியில் அடிக்கிற காற்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டத்துப் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிம்மில் பாயசம் வைத்தால் தீ அணைவது தெரியாமலே அணையும், கேஸ் வந்துகொண்டே இருக்கும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையில் தேங்கும். அதனால் எது வாங்கினாலும் தீ அணைந்தால் கேஸைத் தானாக அடைக்கும் அமைப்பு உள்ளதா என்று பாருங்கள். கண்டுபிடிப்பது எளிது: பர்னர் ஓரத்தில் இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும், வெள்ளைப் பீங்கான் போட்டது பொறி விடுவது, வெறும் உலோகமாக இருப்பது சூடு உணர்வது. பற்றவைத்ததும் திருகை உடனே விட்டால் தீ அணைந்து, சில நொடி அழுத்திப் பிடித்தால்தான் நின்றது என்றால் அந்த அமைப்பு வேலை செய்கிறது. ஓவனுக்கு இது இல்லாத ரேஞ்சைத் தொடவே வேண்டாம். எதற்கும் தரையை ஒட்டி வெளிச்சுவரில் காற்றுப் போக ஒரு துளைச் ஜாலி வைக்கக் கொத்தனாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, மகளின் கேக். இதில் யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான்; விற்பதற்குச் செய்ய அதைப் பயன்படுத்தக் கூடாது, அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர் இருக்கிறது. கேஸ் ரேஞ்சில் கேக் சுட்டு விற்றால் இந்தச் சிக்கல் கூடவே வரும். தனியாக ஒரு எலெக்ட்ரிக் ஓவன் வாங்கிக் கொடுத்தால் வராது. கேக்குக்கும் அதுதான் நல்லது, விலை குறைந்த கேஸ் ஓவன்களில் அடிச்சூடு அதிகம், மேலே வெளுத்து அடியில் கருகும். 2000 வாட்டுக்குப் பக்கமாக வரும் ஓவன் என்றால் எர்த்தோடு 16 ஆம்ப் சாக்கெட் வேண்டும், வயரிங் வேலை நடக்கும்போதே போட்டுவிடுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வாள் என்று கேட்பீர்கள். நின்றுதான் போகும், அன்றைக்கு கேக் தாமதம்.

ஆக என் பட்டியல்: ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, பித்தளை பர்னரும் கனத்த இரும்புக் கம்பியும் போட்ட மூணு பர்னர் அடுப்பு ஒன்று, தாழ்த்திய மேடை, மகளுக்குத் தனி ஓவன். மிஞ்சும் காசில் தோட்டத்துப் பக்கத் தாழ்வாரத்தில் ஒரு விறகடுப்பு கட்டிக்கொள்ளுங்கள், கல்யாணம் காட்சிக்கு அதுதான் கைகொடுக்கும். இல்லை, ரேஞ்ச்தான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால் இந்திய முத்திரையுள்ள 90 செ.மீ. வாங்குங்கள், 60 வேண்டாம். ஆனால் ரப்பர் ஹோஸை ஓவனின் முதுகுக்குப் பின்னால் ஓட விடாதீர்கள், அங்கே சூடு தங்கும். உலோகக் குழாயை ஏஜென்சி ஆளை வைத்துப் போடச் சொல்லுங்கள்.

எங்கே வாங்குவது? கோயமுத்தூர் கடையில் ரேட் குறைத்துச் சொல்வார்கள், பொள்ளாச்சியிலும் பேசிப் பார்க்கலாம், ஆனால் பணம் கட்டும் முன் 'பாலக்காடு மாவட்டத்துப் பின்கோடுக்கு சர்வீஸ் ஆள் வருவாரா' என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பார்டர் தாண்டி வர மாட்டோம் என்று பிறகு சொல்கிற கம்பெனிகள் உண்டு. தகராறு வந்தால் கடை இருக்கும் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டாம், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. அதற்கு முன் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், சில சமயம் அதிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: கிளாஸ் டாப் அடுப்பு வாங்கலாமா? பக்கத்து வீட்டில் வெடித்துச் சிதறியது என்கிறார்கள். (மீனாட்சிபுரம் வாசகர்)

பதில்: துடைக்க சுலபம், பார்க்க அழகு, அவ்வளவுதான். டஃபன்டு கண்ணாடி உடையும்போது மொத்தமாகத் தூளாகும், அதுதான் அதன் குணம். சூடாக இருக்கும்போது ஈரத்துணி போடுவது, ஓரத்தில் இரும்பு வாணலி தட்டுவது, கண்ணாடிக்கு வெளியே நீட்டும் பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்காகச் சமைப்பது, மூன்றுமே ஆபத்து. பெரிய பாத்திரம் புழங்கும் வீடு என்றால் ஸ்டீல் டாப். அப்புறம் ஒன்று: அடுப்பை மாற்றும்போது சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா ஹோஸில் அச்சிட்டிருக்கும் வருஷத்தைப் பாருங்கள், 5 வருஷம் தாண்டியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.