மொமோ காபோரின் பெல்கிராட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செர்பிய எழுத்தாளர் மொமோ காபோரின் ‘செர்பிய மனநிலைக்கு ஒரு வழிகாட்டி’ என்ற நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். சுவையான நூல்தான். ஆனால் ‘செர்பியர் இப்படித்தான்’ என்று ஒரு மக்கள் கூட்டத்தையே வரையறுப்பது இலக்கியமாகுமா என்ற ஐயம் எழுந்தது. அவர் ஓவியரும்கூட என்பது இந்த எழுத்தை எவ்வகையிலாவது பாதித்திருக்கிறதா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. காபோர் முறையாகப் பயின்ற ஓவியர். 1961-ல் செர்பியத் தலைநகர் பெல்கிராடின் நுண்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றவர். தம் நூல்களுக்குத் தாமே கோட்டோவியங்கள் வரைந்தவர். கோட்டோவியம் வரைபவர் ஒரு முகத்தை முழுவதுமாக நிரப்புவதில்லை. கழுத்து திரும்பும் விதம், நெற்றியில் விழும் முடிக்கற்றை என்று இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவற்றைத் தாளின் வெண்மைக்கே விட்டுவிடுகிறார். காபோரின் உரைநடையிலும் இந்தச் சிக்கனத்தைக் காணலாம். 1972-ல் வெளிவந்த ‘ஆனாவின் குறிப்புகள்’ நூலில் பெல்கிராட் இளம்பெண் ஒருத்தி தன் தலைமுறையின் கொச்சைமொழியில் பேசிக்கொண்டே போகிறாள்; அந்தப் பேச்சின் வழியாகவே ஒரு நகரம் எழுந்து வருகிறது.

அவர் அந்நகரில் பிறந்தவரல்லர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1937-ல், இன்று போஸ்னியாவின் தலைநகராக இருக்கும் சரயேவோவில் பிறந்து, சிறுவயதில் பெல்கிராட் வந்து சேர்ந்தவர். வெளியிலிருந்து வந்தவருக்கே உரிய கூர்மையோடு அவர் க்னேஸ் மிஹாய்லோவா தெருவில் உலவுபவர்களையும், சாவா நதி டான்யூபில் கலக்கும் இடத்தில் நிற்கும் கலேமெக்தான் கோட்டையையும் பார்த்தார் என்பது என் எண்ணம். அவருடைய செர்பியரைப் பெரும்பாலும் காஃபானாவில்தான் சந்திக்கிறோம். காப்பியும் உணவும் மதுவும் ஒருசேரக் கிடைக்கும் அந்த விடுதியில், கட்டம் போட்ட மேசைவிரிப்பின்மேல் ரக்கியா என்னும் பழமது நிறைந்த சிறு கண்ணாடிக் குப்பிகள் வந்து அமர, பேச்சு அரசியலுக்கும் பழைய காதலுக்கும் மாறி மாறித் தாவுகிறது; கடைசியில் பில் வந்ததும், கையில் பணமில்லாதவரும்கூட ‘நான்தான் கொடுப்பேன்’ என்று பிடிவாதம் பிடிக்கிறார். விருந்தோம்பலும் வீம்பும் பிரிக்க முடியாதபடி கலந்த இக்கணத்தை அருகிலிருந்து பார்த்து எழுதும்போது அது இலக்கியமாகிறது. ‘செர்பியர்’ என்ற பொதுப்பெயர் அங்கே அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு பேரைத்தான் சுட்டுகிறது.

ஆனால் உங்கள் ஐயம் நியாயமற்றதன்று. மேசையை விட்டு எழுந்து மொத்த இனத்துக்கும் குரல்கொடுக்க அவர் முற்பட்டபோது அந்த நுட்பம் அவரைக் கைவிட்டது என்றே கருதுகிறேன். 1941 ஏப்ரலில் சரயேவோமீது ஜெர்மானியர் குண்டு வீசியபோது, நான்கு வயதுச் சிறுவனான காபோரைத் தன் உடலால் மூடிக் காப்பாற்றிவிட்டு அவருடைய தாய் இறந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1992-ல், அதே சரயேவோ போஸ்னிய செர்பியப் படைகளால் முற்றுகையிடப்பட்டது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் குண்டுகள் விழுந்தன. அந்தப் போரில் காபோர் செர்பியத் தரப்பை வெளிப்படையாக ஆதரித்தார். அவரை விரும்பி வாசிப்பவன் என்ற முறையில் இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். குண்டுவீச்சில் தாயை இழந்த ஒருவருக்கு அந்நகரத்து மற்றத் தாய்மார்களின் முகங்கள் எப்படித் தெரியாமல் போயின என்ற கேள்விக்கு அவருடைய நூல்களில் எனக்கு விடை கிடைக்கவில்லை.

நீங்கள் வாசித்த ‘வழிகாட்டி’ அந்தப் போருக்குப் பிற்பட்ட நூல். எனவே அதன் பக்கங்களை ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டாம். உணவு, விருந்து, தெரு, நட்பு பற்றிய கட்டுரைகளை மீண்டும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். வரலாறு பற்றிப் பேசும் இடங்களில் அவரோடு வாதிட்டுக்கொண்டே வாசியுங்கள். அடுத்து, 2010-ல் அவர் மறைவதற்குச் சற்று முன் வெளிவந்த ‘பெல்கிராடின் மாயம்’ கிடைத்தால் அதையும் தேடிப் படியுங்கள். அதில் தேசத்தைவிட நகரமே மிகுதி.

அன்புடன்