வாளும் மந்திரமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மாயாஜாலச் சிறுகதையின் நாயகி வாள்வீச்சும் மந்திரமும் கற்றவள். ஆனால் சண்டைக் கட்டம் வந்தாலே கதை சப்பென்று ஆகிவிடுகிறதே, ஏன்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: மந்திரத்தாலேயே எல்லாம் முடியுமென்றால் வாள் எதற்கு? மந்திரத்துக்கு ஒரு விலை வையுங்கள். ஒருமுறை ஏவினால் பொழுது சாயும்வரை வலக்கை மரத்துப்போகும் என்பதுபோல. 2,000 சொல் கதைக்கு ஒரு மந்திரம், ஒரு விலை தாராளம். அந்த விதி முதல் 300 சொற்களுக்குள் வாசகருக்குத் தெரிந்துவிட வேண்டும். உச்சகட்டத்தில் புதுச் சக்தி முளைத்தால் அது ஏமாற்று வேலை.

அடுத்து ஆயுதம். ஒருகை வாளின் எடை பெரும்பாலும் 1 முதல் 1.5 கிலோதான்; 'ஆண்களே தூக்க முடியாத வாள்' எல்லாம் வேண்டாமே. சாட்டைபோல் வளையும் சுருள்வாளை நெரிசலில் வீசவைத்தால் பக்கத்தில் நிற்கும் தோழிக்கும் வெட்டு விழும். நெருக்கத்துக்குக் கட்டாரி என்னும் குத்துவாள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் அதன் குறுக்குப்பிடியைக் கவனியுங்கள். முஷ்டி மடக்கிப் பிடிப்பதால் குத்தின் வலு தோளிலிருந்து வருகிறது. அந்தத் தோளை எழுதுங்கள். 'மின்னலெனப் பாய்ந்தாள்' தானாக உதிர்ந்துவிடும்.

கேள்வி: பழிவாங்கும் கதை அலுத்துவிட்டது. நாயகிக்கு வேறென்ன வேலை கொடுக்கலாம்?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: வேலு நாச்சியாரின் கணவர் 1772இல் கொல்லப்பட்டார், சிவகங்கை மீண்டது 1780இல். இடையில் அடைக்கலம், ஹைதர் அலியின் உதவி, படை திரட்டல். அந்த இடைக்காலம் போன்ற ஒன்றை எழுதுங்கள். படைக்குச் சோறு போடும் கவலையே ஒரு கதைக்குப் போதும்.