கிளிமஞ்சாரோ குழுப் பயணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைக்கு இரண்டு தடவை குழுவோடு போனேன். முதல் தடவை மச்சாமே வழி, 6 நாள் திட்டம். ஏறத்தாழ 5,500 மீட்டரில் வாந்தியோடு திரும்பினேன். அடுத்த தடவை லெமோஷோ வழி, 8 நாள். 5,895 மீட்டரில், மலையின் உச்சியான உகுரு முனையில் நின்றேன். அதே ஆள், அதே உடம்பு. கூடியது இரண்டு நாள்தான். கீழே எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் அந்த இரண்டு நாளிடம்தான் நான் திரும்பி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: அக்கா, வெள்ளியங்கிரி வருடா வருடம் ஏறுகிறேன். பர்வதமலை, சதுரகிரியும் போயிருக்கிறேன். இந்தப் பழக்கம் போதுமா?

காலுக்குப் போதும் தம்பி. மூச்சுக்குப் போதாது. தென்னிந்தியாவில் எல்லாவற்றுக்கும் உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். மச்சாமே வழியில் முதல் இரவு படுக்கும் இடமே அதைத் தாண்டிவிடும். உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதி. இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் ஆக்ஸிஜன் பாதிதான் வரும். அதை உங்கள் உடம்பு எப்படித் தாங்கும் என்று இங்கே எந்த மலையிலும் சோதித்துப் பார்க்க வழியில்லை. நன்றாக ஓடுகிறவர்களுக்கும் இதில் சலுகை கிடையாது. என்னோடு முதல் தடவை திரும்பியவர் மாரத்தான் ஓடுகிற 27 வயதுப் பையன்.

ஆனால் வெள்ளியங்கிரி இரண்டு விஷயத்தில் கைகொடுக்கும். ஒன்று, இருட்டில் விளக்கு வெளிச்சத்தில் மணிக்கணக்காக ஏறுவது. இன்னொன்று, மூங்கில் தடியை ஊன்றி இறங்குவது. உச்சியிலிருந்து ம்வேகா முகாம் வரை ஒரே நாளில் ஏறத்தாழ 2,800 மீட்டர் இறங்க வேண்டும். முட்டி அங்கேதான் அழும். நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள்: முதுகில் ஆறேழு கிலோவோடு அபார்ட்மென்ட் படிக்கட்டு, மாதம் இரண்டு முறை சனி, ஞாயிறு அடுத்தடுத்து ஐந்தாறு மணி நேர நடை. களைத்த காலோடு மறுநாளும் நடந்து பழக வேண்டும்.

சென்னையிலிருந்து: மராங்கு வழியில் 5 நாளில் முடித்துவிடலாம், செலவும் குறைவு என்கிறார்கள். லீவு கிடைப்பதும் கஷ்டம். எந்த வழி, எத்தனை நாள்?

5 நாள் திட்டத்தில் பணம் கட்டாதீர்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

மராங்குவில் கூடாரம் இல்லை, மரக் குடில்கள். அந்த வசதிக்காகவே பலர் போகிறார்கள். ஆனால் மந்தாரா குடில் 2,720 மீட்டர், ஹொரோம்போ 3,720, கிபோ 4,720. ஒவ்வொரு இரவும் முந்தைய இரவைவிட ஆயிரம் மீட்டர் மேலே படுக்கிறீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குள் கூட்டுவதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. கிளிமஞ்சாரோவின் எல்லா வழிகளும் இதை மீறுகின்றன. நாள் குறையக் குறைய மீறலும் கூடும். உடம்பு மூச்சைக் கூட்ட வேண்டும். அதனால் மாறும் ரத்தத்தின் காரத்தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்ய வேண்டும். அதற்கு நாள்கணக்கில் ஆகும். நம் அவசரம் அதற்குத் தெரியாது.

மச்சாமே, லெமோஷோ இரண்டிலும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பகலில் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் பாறை வரை ஏறி, மதியம் சாப்பிட்டு, இரவுக்கு 3,960 மீட்டரில் பரங்கோ முகாமுக்கு இறங்கிவிடுவீர்கள். உயரத்தைக் காட்டிவிட்டுத் தாழ்வில் தூங்க வைக்கிற வழி. ஆனால் 6 நாள் மச்சாமேயில் மறுநாள் பரங்கோவிலிருந்து நேராக பராஃபு முகாம், அன்று நள்ளிரவே உச்சிக்குப் புறப்பாடு. 7 நாள் என்றால் நடுவே கராங்காவில் ஒரு இரவு கிடைக்கும். முதல் தடவை என்னைக் கவிழ்த்தது அந்த இல்லாத இரவுதான். மாலை ஐந்து மணிக்கு பராஃபு போய்ச் சேர்ந்தேன், சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை, பதினொன்றரைக்கு எழுப்பிவிட்டார்கள்.

லீவு ஒரு வாரம்தான் என்றால் அடுத்த வருடம் போங்கள். 8 நாள் லெமோஷோ என் முதல் தேர்வு, 7 நாள் மச்சாமே அடுத்தது. மழைக்காலத்தை ஒட்டிப் போகிறவர்களுக்கு வடக்குப் பக்கத்து ரொங்காய் வழி கொஞ்சம் காய்ந்திருக்கும்.

மதுரையிலிருந்து: டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் உயர நோய் வராதா?

வராது என்று யாரும் உறுதி தர முடியாது. உடம்பு பழகுவதை அது வேகப்படுத்தும், அவ்வளவுதான். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மருத்துவரிடம் கேட்டே போடுங்கள், முக்கியமாக சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள். வழக்கமாக எழுதித்தருவது 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனி கூசும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். அதெல்லாம் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியவை வேறு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை அநேகமாக எல்லோருக்கும் கொஞ்சம் வரும். ஆனால் குடித்தவர் போலத் தள்ளாடினால், பேச்சு குழறினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், ஈரமான இருமல் வந்தால் நுரையீரலில். இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடக்க முடியாதவர்களை இறக்க முகாம்களில் ஒற்றைச் சக்கர ஸ்ட்ரெச்சர் வைத்திருக்கிறார்கள்.

நல்ல குழுவில் மாலைதோறும் கைடு விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்த்து, தலைவலி உண்டா, சாப்பிட்டீர்களா என்று கேட்பார். அப்போது உண்மையைச் சொல்லுங்கள். முதல் தடவை மேலே ஏற விடமாட்டார்களோ என்ற பயத்தில் இரண்டு மாலை நான் "ஒன்றுமில்லை" என்றேன். அது தப்பு. என்னை இறக்கிக் கூட்டிவரும் வேலை அந்த மனிதர் தலையில்தான் விழுந்தது.

கோயம்புத்தூரிலிருந்து: என் கணவர் மெதுவாகத்தான் நடப்பார். முன்பின் தெரியாத பத்துப் பேரோடு போனால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் ஆகாதா?

மெதுவாக நடப்பவர்தான் அந்த மலைக்கு ஏற்றவர் அம்மா. காலை முதல் மாலை வரை காதில் விழும் சுவாஹிலி வார்த்தை 'போலே போலே'. மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். தலைமை கைடு முன்னால் ஆமை நடை நடப்பார், யாரையும் தாண்ட விடமாட்டார். உண்மையில் இடைஞ்சல் தருபவர்கள் வேகக்காரர்கள்.

நீங்கள் விசாரிக்க வேண்டியது உதவி கைடுகள் எத்தனை பேர் என்பதை. ஒருவருக்கு முடியாமல் போனால் ஒரு கைடு அவரோடு இறங்க வேண்டும், மற்றவர்கள் தொடர வேண்டும். உச்சி இரவில் இரண்டு மூன்று பேருக்கு ஒரு கைடு இல்லாத குழுவில் சேராதீர்கள்.

திருச்சியிலிருந்து: ஒரு கம்பெனி 1,400 டாலர் கேட்கிறது, இன்னொன்று 2,600. மலை ஒன்றுதானே மேடம்?

மலை ஒன்றுதான். சுமப்பவர்களின் வயிறு ஒன்றில்லை.

கணக்குப் போடுங்கள். 7 நாள் பயணத்துக்கு பூங்கா நுழைவு, கூடாரக் கட்டணம், மீட்புக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர் அரசுக்கே போய்விடும். அதில் யாரும் ஒரு பைசா குறைக்க முடியாது. 1,400இல் மிச்சம் 400. அதற்குள் சாப்பாடு, வண்டி, கூடாரம், கைடு, சமையல்காரர், உங்கள் ஒருவருக்காகவே மூன்று நான்கு சுமைக்காரர்கள், கம்பெனியின் லாபம். எங்கே வெட்டுவார்கள்? அந்தச் சுமைக்காரர்களின் கூலியில், சாப்பாட்டில், போர்வையில்.

அவர்களை அங்கே போர்ட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் கூடாரம், பாத்திரம், காஸ், நம் பை எல்லாவற்றையும் தலையிலும் தோளிலும் வைத்து நம்மைத் தாண்டிப் போய், நாம் வருவதற்குள் கூடாரம் போட்டு வெந்நீர் வைத்திருப்பார்கள். ஒருவர் சுமை 20 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. நுழைவாயிலில் எடை போடுவார்கள். கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு கூலியையும் நடத்தும் விதத்தையும் கண்காணித்து, ஒழுங்காக நடக்கும் கம்பெனிகளின் பட்டியலை வெளியிடுகிறது. பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

நான் முதல் தடவை பார்க்கவில்லை. மலிவானதில் போனேன். கராங்கா பக்கம் ஆலங்கட்டி மழை பெய்த மதியம், எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுமந்து வந்த பையன் காலில் கிழிந்த கான்வாஸ் ஷூ. நான் போட்டிருந்தது பன்னிரண்டாயிரம் ரூபாய் பூட்ஸ். அன்றைக்கு எனக்குச் சூப் இறங்கவில்லை. உயரத்தால் அல்ல.

டிப்ஸ் அங்கே கூலியின் பகுதி மாதிரி; கடைசியில் யோசித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். குழு முழுவதும் சேர்ந்து ஒரு நாளைக்குத் தலைமை கைடுக்கு 20 முதல் 25 டாலர், உதவி கைடுக்கு 15 முதல் 20, சமையல்காரருக்கு 12 முதல் 15, ஒவ்வொரு போர்ட்டருக்கும் 8 முதல் 10 என்பது வழக்கம். உங்கள் பங்கு 200 முதல் 300 டாலர் வரும். எல்லோரையும் நிற்க வைத்து, யாருக்கு எவ்வளவு என்று உரக்கச் சொல்லி, முடிந்தால் அவரவர் கையிலேயே கொடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: நான் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவன். அங்கே சமாளிக்கலாமோ அக்கா?

தாராளமாக. பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். காலையில் உஜி என்கிற கூழ், மதியமும் இரவும் சூப், சோறு, பீன்ஸ், கீரை, வாழைக்காய்க் கறி. சப்பாத்தியை அங்கேயும் சப்பாத்தி என்றுதான் சொல்கிறார்கள். 4,000 மீட்டருக்கு மேல் பசி செத்துவிடும். எனக்கு உள்ளே போனது நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் தொட்ட சோறுதான். தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது குடியுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் பூங்காவுக்குள் கூடாது.

திருநெல்வேலியிலிருந்து: கேட்கத் தயக்கமாக இருக்கிறது அக்கா. மாதவிடாய் நாளில் ஏறலாமா? கழிப்பறை எப்படி?

தயங்காதே அம்மா, இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஏறலாம், மருத்துவத் தடை எதுவும் இல்லை. பயணமும் உயரமும் தேதியை முன்னே பின்னே தள்ளும், அதனால் நாள் இல்லை என்றாலும் எல்லாம் எடுத்துப் போ. பயன்படுத்தியவற்றைத் தனிப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். முகாம்களில் பொதுக் கழிப்பறைகள் உண்டு, சுத்தம் எதிர்பார்க்காதே. குழுவுக்கென்று தனிக் கழிப்பறைக் கூடாரம் கொண்டுவரச் சொல்லலாம். கூடுதல் பணம் கேட்டால் கொடுத்துவிடு. இரவில் சிறுநீர் கழிக்கப் பயந்து தண்ணீரைக் குறைப்பதுதான் பெண்கள் செய்கிற பெரிய தவறு.

சேலத்திலிருந்து: எந்த மாதம்? பூட்ஸ் அங்கே வாடகைக்குக் கிடைக்குமா?

ஜூன் முதல் அக்டோபர், இல்லாவிட்டால் ஜனவரி, பிப்ரவரி. பூட்ஸ் மட்டும் சொந்தமாக, இரண்டு மாதம் போட்டுப் பழகியது. விமானத்தில் காலிலேயே போட்டுப் போங்கள், பெட்டி தொலைந்தாலும் பூட்ஸ் இருக்கும். ஸ்லீப்பிங் பேக், தடித்த ஜாக்கெட், நடைக்கம்பு எல்லாம் மோஷி ஊரில் வாடகைக்குக் கிடைக்கும்.

புதுச்சேரியிலிருந்து: அந்த உச்சி இரவு எப்படி இருக்கும்? பாதியில் திரும்பச் சொன்னால் மனசு தாங்குமா?

பராஃபு என்றால் சுவாஹிலியில் பனிக்கட்டி. 4,670 மீட்டரில் அந்த முகாமில் நள்ளிரவு தேநீரும் பிஸ்கட்டும் தந்து கிளப்புவார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி. சரளைக் கல் சரிவில் வளைந்து வளைந்து ஏறும் பாதை. மேலே பார்த்தால் ஹெட் டார்ச் வரிசை வானம் வரை போகிற மாதிரி இருக்கும். பார்க்காதீர்கள், முன்னால் நடப்பவரின் குதிகாலை மட்டும் பாருங்கள். குழாய் வழியாக உறிஞ்சும் தண்ணீர்ப் பை உறைந்துவிடும். பாட்டிலைக் கம்பளிக் காலுறையில் போட்டுத் தலைகீழாக வையுங்கள், மேலிருந்துதான் உறையும். போன் நெஞ்சோடு ஒட்டிய பையில்.

ஸ்டெல்லா பாயிண்ட் 5,756 மீட்டர், எரிமலை வாயின் விளிம்பு. அங்கே போய்ச் சேர ஐந்து முதல் ஏழு மணி நேரம். மவென்சி சிகரத்துக்குப் பின்னால் சூரியன் வரும். அங்கிருந்து உகுரு முனைக்கு 140 மீட்டர் உயரம்தான் பாக்கி. எனக்கு அதற்கு ஒரு மணி நேரம் ஆனது.

முதல் தடவை அது வரை போகவில்லை. இரண்டாவது வாந்திக்குப் பிறகு கைடு என்னை நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சாய்ந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என் பையைக் கழற்றித் தன் மார்பில் மாட்டிக்கொண்டு, முழங்கையைப் பிடித்து இறக்கினார். பராஃபு வந்து, இன்னும் கீழே இறங்க இறங்கத் தலைவலி கரைந்துபோனது. அழுதேன்தான். இந்த உச்சியை முதன்முதலில் எட்டிய ஹான்ஸ் மையரே 1887இல் உச்சி எட்டாமல் திரும்பியவர். மூன்றாவது முயற்சியில், 1889 அக்டோபரில்தான் லுட்விக் புர்ட்ஷெல்லரோடு உச்சியை அடைந்தார் என்று பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறியது.

தஞ்சாவூரிலிருந்து: அப்பாவுக்கு 61 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு இது பெரிய ஆசை. கூட்டிப் போகலாமா?

10 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத்தான் உச்சிக்கு அனுமதி இல்லை, மேலே வரம்பு கிடையாது. இதய மருத்துவரிடம் டிரெட்மில் சோதனை செய்துகொள்ளட்டும். பிபி மாத்திரைகளில் சில சிறுநீரைக் கூட்டும் வகை, டயமாக்ஸும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டே தீர வேண்டும். காப்பீடு 6,000 மீட்டர் வரையிலான நடைக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

மருத்துவர் வேண்டாம் என்றாலும் ஆசை முழுதாகப் போகவில்லை. மராங்கு வாயிலிலிருந்து மந்தாரா குடில் வரை ஒரே நாளில் மழைக்காட்டுக்குள் போய்த் திரும்பலாம், நல்ல நடை. கீழே சாக்கா இன மக்களின் ஊர்களில் வாழைத் தோட்டத்துக்கு நடுவே காப்பிச் செடி நிற்கும். தஞ்சாவூர்க்காரருக்கு அந்த வாழையைப் பார்த்தாலே வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

கடலூரிலிருந்து: மேலே பனி இன்னும் இருக்கிறதா அக்கா, கரைந்துவிட்டதா?

1912இல் இருந்ததில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் போய்விட்டது. ஸ்டெல்லாவிலிருந்து உகுருவுக்கு நடக்கும்போது இடது பக்கம் திரும்பிப் பாருங்கள், சரிவில் நீலம் பாரித்த சுவர் மாதிரி நிற்கும். வலது பக்கம் எரிமலை வாய்க்குள் ஃபுர்ட்வெங்லர் பனிப்பாளத்தின் மிச்சம். படம் எடுக்கக் கையுறையை ஒரு நிமிடத்துக்கு மேல் கழற்றாதீர்கள்.