புள்ளி வைத்த இடமெல்லாம் வாக்கியம் முடியுமா?

கணினித் தமிழ்: கேள்வி – பதில்

கண் பார்வை மங்கிய என் அம்மாவுக்குக் கைபேசிச் செயலிதான் நாளிதழ் வாசித்துக் காட்டுகிறது. 'வ. உ. சிதம்பரனார்' என்று வந்தால் 'வ' சொல்லி நிற்கிறது, 'உ' சொல்லி நிற்கிறது, அப்புறம்தான் பெயருக்கு வருகிறது. எது வாக்கிய முடிவு என்று அதற்குத் தெரியாதா?
– வாசகி, திண்டுக்கல்

தெரியாதுதான். எழுத்தைக் குரலாக்கும் முன்பு அந்தச் செயலி பத்தியை வாக்கியம் வாக்கியமாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் குரலை இறக்கி நிறுத்தும். வெட்டுவது தப்பினால் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் காதுக்கு வேதனைதான்.

ஆங்கிலத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. 1961ல் அமெரிக்காவில் அச்சானவற்றிலிருந்து திரட்டிய 'பிரவுன் தொகுப்பு' என்று ஒன்று இருக்கிறது. சுமார் 10 லட்சம் சொற்கள். அதிலுள்ள புள்ளிகளில் ஏறத்தாழ 90 சதவீதம்தான் வாக்கிய முடிவு, மீதி பெரும்பாலும் சுருக்கக் குறி என்று மைக்கேல் ரைலி என்ற ஆய்வாளர் 1989ல் எழுதினார். ஆனால் அவர்களுக்குப் பெரிய எழுத்து கைகொடுக்கிறது. புள்ளிக்கு அடுத்த சொல் சின்ன எழுத்தில் தொடங்கினால் வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று பொருள். உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் பொதுத் தரம் வகுக்கும் யூனிகோடு அமைப்பு வெளியிட்டிருக்கும் பொது விதிகளிலும் இது இருக்கிறது. தமிழில் அந்தப் பேதமே கிடையாது. அந்த விதிகளை அப்படியே நம் எழுத்துக்குப் போட்டால் எம்.ஜி.ஆர். என்ற பெயரில் ஒவ்வொரு புள்ளியிலும் வெட்டு விழும். 'ரூ.500' தப்பிக்கும், ஏனென்றால் புள்ளியை ஒட்டி எண் வந்தால் வெட்டக் கூடாது என்று ஒரு விதி உண்டு. இடைவெளி விட்டு 'ரூ. 500' என்று எழுதினாலோ, 'ரூ.' ஒரு வாக்கியத்திலும் 500 அடுத்த வாக்கியத்திலும் போய் நிற்கும்.

இதைச் சரிசெய்வதில் பாதி வேலை சுலபம். தலைப்பெழுத்தாக வரும் ஆங்கில எழுத்துப் பெயர்கள் ஏ, பி, சி தொடங்கி மொத்தம் 26தான். அவற்றோடு 'திரு.', 'கி.மீ.', 'கி.பி.' போன்றவற்றையும் பட்டியலில் சேர்த்துவிடலாம். ஒற்றைத் தமிழ் எழுத்துக்குப் பின் புள்ளி வந்தால் அது தலைப்பெழுத்து என்று இன்னொரு விதியும் போடலாம். 'வ. உ.' அங்கேயே சரியாகிவிடும்.

ஆனால் நம் மொழியில் ஓரெழுத்தே முழு வாக்கியமாக நிற்கும். வா. போ. தா. இதே எழுத்துகள் பெயருக்கு முன்னாலும் வருகின்றன: வா. செ. குழந்தைசாமி, தா. பாண்டியன். இரண்டு வரிகளைப் பாருங்கள்.

'கூட்டத்தில் தா. பாண்டியன் பேசினார்.'
'அந்தப் பேனாவைத் தா. பாண்டியன் காத்திருக்கிறான்.'

புள்ளிக்கு அந்தப் பக்கம் இரண்டிலும் பாண்டியன்தான். விடை இந்தப் பக்கம் இருக்கிறது. 'பேனாவை' என்று இரண்டாம் வேற்றுமை வந்துவிட்டதால் அதற்கு ஒரு வினை வேண்டும். 'காத்திருக்கிறான்' பேனாவை ஏற்காது, 'தா'தான் ஏற்கும். ஆக, புள்ளியை மட்டும் உற்றுப் பார்க்கும் நிரலால் இதைத் தீர்க்க முடியாது. வேற்றுமையும் வினையும் தெரிந்த நிரல் வேண்டும். நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதைத்தான். தமிழுக்கான கருவிக்குத் தமிழ் இலக்கணம் வேண்டும்.

பட்டியலே இல்லாமல், உரையை மட்டும் படித்துத் தானே கற்கும் முறையும் உண்டு. டிபோர் கிஸ், யான் ஷ்ட்ரங்க் இருவரும் 2006ல் வெளியிட்ட 'புங்க்ட்' அப்படிப்பட்டது. ஒரு சொல் எப்போதும் புள்ளியோடே வருகிறதா, குட்டையாக இருக்கிறதா, உள்ளேயும் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, சுருக்கங்களைத் தானே கண்டுபிடிக்கும். 11 மொழிகளில் சோதித்தார்கள், அதில் தமிழ் இல்லை. அருமையான யோசனைதான். ஆனால் நமக்கு வினை கடைசியில் வருகிறது. 'கூறினார்', 'இல்லை' போன்ற சொற்களும் பெரும்பாலும் புள்ளியோடுதான் நிற்கும். அவற்றைச் சுருக்கம் என்று எண்ணாமல் இருக்க, நீளத்தைத்தான் அது நம்ப வேண்டியிருக்கும்.

உங்கள் அம்மாவுக்கு இப்போதைக்கு ஒரு வழி: சில வாசிப்புச் செயலிகளில், ஒரு சொல்லை வேறு மாதிரி வாசிக்கச் சொல்லும் வசதி இருக்கும். அமைப்புகளில் தேடிப் பாருங்கள். இருந்தால், 'வ. உ. சி' வரும் இடத்தில் புள்ளியில்லாமல் 'வ உ சி' என்று வாசிக்கும்படி பதிந்து வையுங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலியில் கதை ஒன்றைப் போட்டால் 'என்றாள்' மட்டும் தனி வாக்கியமாக வந்து விழுகிறதே?
– வாசகர், ஈரோடு

"நாளைக்கு வருகிறேன்." என்றாள். இதில் மேற்கோளுக்குள் இருக்கும் புள்ளியிலேயே செயலி வெட்டிவிடுகிறது. நாம் பேச்சை முதலில் சொல்லி, 'என்று' போட்டுப் பின்னால் முடிக்கிறவர்கள். அதனால் மேற்கோள் முடிந்ததும் அடுத்த சொல் என்று, என, என்றார், என்றாள் என இருந்தால் வெட்டாதே என்று சொல்லித்தர வேண்டும். கேள்விக்குறிக்கும் இதே விதிதான்.

'என', 'என்' என்று தொடங்கும் எல்லாச் சொல்லையும் ஒட்டிவிடலாம் என்று சிலர் குறுக்குவழி எடுக்கிறார்கள். அது ஆகாது. எனவே, எனக்கு, என்ன, என்றாலும் எல்லாம் புது வாக்கியத்தைத் தொடங்கக்கூடியவை. சொல் சொல்லாகத்தான் பிரித்துப் போட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இப்படி விதி எழுத வேண்டுமா?
– கல்லூரி மாணவர், மதுரை

வேண்டும். இணைய இணைப்பில்லாத சாதாரணக் கைபேசியிலும் வேலை நடக்க வேண்டுமே! உரையைப் படித்துக் கற்கும் மொழிபெயர்ப்பு நிரல்களைப் பழக்குவதற்குக்கூட, பெரும்பாலும் முதலில் யாராவது உரையை ஒழுங்காக வெட்டித்தர வேண்டியிருக்கும். அனூப் குஞ்சுக்குட்டன் தொடங்கிய 'இண்டிக் என்.எல்.பி. லைப்ரரி' திறந்த மூல நிரல், அதாவது யாரும் எடுத்துப் பார்த்துத் திருத்தக்கூடியது. இந்திய மொழிகளுக்கான வாக்கியப் பிரிப்பான் அதில் இருக்கிறது. எடுத்துப் படியுங்கள், தமிழ்ச் சுருக்கங்களைச் சேர்த்துப் பாருங்கள். சோதிக்க இந்த இரண்டையும் கொடுங்கள்: 'அவர் பி.ஏ. தமிழ் படித்தார்.' 'அவர் படித்தது பி.ஏ. தமிழ் அவருக்குப் பிடிக்கும்.' முதலாவதில் ஒரு வாக்கியமும் இரண்டாவதில் இரண்டு வாக்கியமும் வந்தால் எனக்கு எழுதுங்கள். அந்த நிரலை நான் பார்க்க வேண்டும்.