வேனில் பூட்ட வால்வு ட்ரான்ஸ்மிட்டர் வாங்கலாமா?

கேள்வி: ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வைத்திருக்கிறேன். நுவரெலியாவில் ஒருவர் 807 வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) போட்ட பழைய மோர்ஸ் ட்ரான்ஸ்மிட்டர் ஒன்றை விற்கிறார். கிரிஸ்டலில் ஓடும் செட், அலைவரிசையைத் தீர்மானிப்பது அந்தப் படிகத் துண்டுதான். 12 வோல்ட் பற்றரிக்கு வைப்ரேட்டர் பெட்டியும் உண்டு. என் வேனில் பூட்டி 40 மீட்டர் அலைப் பட்டையில் பாவிக்க ஆசை. "பற்றரி கொடுத்தே காட்டுகிறேன்" என்கிறார். நம்பி வாங்கலாமா?
- ஹட்டன் வாசகர்

பதில்: வாங்கலாம். ஆனால் வால்வைப் பார்த்து விலை பேசாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 807 ஏராளமாகச் செய்யப்பட்டது. தேடினால் இன்றும் கிடைக்கும். கிடைக்காதது வைப்ரேட்டர் பெட்டிக்குள் இருக்கும் ட்ரான்ஸ்போமர். பற்றரியின் மின்சாரத்தை வைப்ரேட்டர் வெட்டி வெட்டிக் கொடுக்க, அதை 300 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுவது அதுதான். வைப்ரேட்டர் செத்திருந்தால் ட்ரான்சிஸ்டர் சுற்று ஒன்றைப் போட்டு ஒப்பேற்றலாம். ட்ரான்ஸ்போமர் கருகினால் புதிதாகச் சுற்றத்தான் வேண்டும்.

அதனால் பற்றரி கொடுத்துக் காட்ட விடாதீர்கள். நம் மலைப் பனியில் வருடக்கணக்காகக் கிடந்த செட்டின் மின்தேக்கிகள் ஷோர்ட் ஆகியிருக்கலாம். ஒரு நிமிடத்தில் ட்ரான்ஸ்போமரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். மூடியைக் கழற்றிப் பாருங்கள். ட்ரான்ஸ்போமரைச் சுற்றி மெழுகு உருகி வழிந்திருக்கிறதா, தீய்ந்த மணம் வருகிறதா? வால்வுக் கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிப் பூச்சு பளபளத்தால் நல்லது. அது பால்போல வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அந்த வால்வு உதவாது. 807இன் இழைக்கு 6.3 வோல்ட்தான், ஆகவே 12 வோல்ட்டுக்கு எப்படி இணைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மின்தேக்கிகளை மாற்றிவிட்டே மின்சாரம் கொடுங்கள். நிறுத்திய பின்னும் அவற்றில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கி நிற்கும். டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்கவே கூடாது.

கிரிஸ்டல் இல்லாமல் செட் ஊமை. 7030 கிலோசைக்கிள் என்று எழுதியிருந்தால் 7.030 மெகாஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையில் மோர்ஸ் அனுப்ப உங்கள் உரிம வகுப்பு அனுமதிக்கிறதா என்று பாருங்கள். செட்டை வைத்திருக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டுமா என்பதையும், காசு கொடுக்குமுன் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அன்டெனா விடயத்தில்தான் எனக்குக் கவலை. 40 மீட்டருக்குக் கால் அலைநீளம் சுமார் 10 மீட்டர். வேன் கூரையில் நிற்கும் இரண்டு மீட்டர்க் கம்பி, செட் கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். வேனை ஓரமாக நிறுத்தி, 20 மீட்டர்க் கம்பியை நடுவில் பிரித்து, அங்கே செட்டின் வயரை இணைத்து, இரு சவுக்கு மரங்களுக்கிடையே தாழ்வாகக் கட்டினால், பகலில் அலை மேலே போய்த் திரும்பி, மலைகளைத் தாண்டி இறங்கும். ஓடும் வேனில் மோர்ஸ் விசையைத் தொடவும் வேண்டாம்.

ட்ரான்ஸ்போமரும் கிரிஸ்டலும் சரியென்றால் கேட்ட விலையைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரான்ஸ்போமர் கருகியிருந்தால் உதிரிப் பாக விலைக்கு மேல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.